டவுன் பார்க்காவா, ஒர்க் ஜாக்கெட்டா, லேயரா? டொரோண்டோ குளிர்ல வெளில வேலை பாக்கறவங்க எதை வாங்கறது

செப்டம்பர் இன்டேக்ல (காலேஜ் சேர்க்கைல) வந்து இறங்கின பசங்களுக்கும் சரி, பிஆர் (கனடால நிரந்தரமா தங்கற அனுமதி) கிடைச்சு குடும்பத்தோட வந்தவங்களுக்கும் சரி, அக்டோபர் கடைசில ஒரே கேள்விதான் ஓடும். கையில இருக்கற காசுக்கு ஒரே ஒரு ஜாக்கெட்தான் வாங்க முடியும், இறகு அடைச்ச நீள ஜாக்கெட்டான டவுன் பார்க்காவா, பாலியெஸ்டர் நார் வச்ச முரட்டு ஒர்க் ஜாக்கெட்டா, ஒண்ணு மேல ஒண்ணா மூணு துணி போடற லேயர் செட்டா, எதை வாங்கறது? ஆபீஸ் வேலைன்னா கவலையே வேணாம், வீட்ல இருந்து பஸ் ஸ்டாப், பஸ்ல இருந்து ஆபீஸ், எதைப் போட்டாலும் ஓடிடும். நான் எழுதறது ஸ்னோ ரிமூவல் க்ரூல ஷவல் பிடிக்கறவங்க, இ-பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றவங்க, பார்க்கிங் லாட்ல செக்யூரிட்டியா நிக்கறவங்க, வேர்ஹவுஸ் யார்டுலயும் கன்ஸ்ட்ரக்ஷன் சைட்லயும் நாள் பூரா வெளில இருக்கறவங்க, இவங்களுக்காக.

ஊர்ல இருந்து கொண்டு வந்ததை முதல்ல ஓரமா வச்சிருங்க. பெரியமேட்டுல வாங்கின லெதர் ஜாக்கெட் பாக்க கெத்தா இருக்கும், ஆனா உள்ள ஒரு மெல்லிசு லைனிங் தவிர ஒண்ணும் கிடையாது, ஈர ஸ்னோவும் ரோட்டு உப்பும் பட்டா தோலும் பாழ். திருப்பூர் காட்டன் தெர்மல் வீட்டுக்குள்ள போட நல்லது, வேலைக்குப் போட்டா வேர்வையை உறிஞ்சி வச்சுக்கிட்டு காயவே காயாது. மங்கி கேப் மட்டும் தாராளமா எடுத்துட்டு வாங்க, கிண்டல் பண்றவன் பண்ணிக்கட்டும்.

என் கட்சி என்னன்னு முன்னாடியே சொல்லிடறேன்: வெதர் ஆப்ல காட்டற நம்பரைப் பாத்து ஜாக்கெட் வாங்காதீங்க, வேலைல உங்க உடம்பு என்ன பண்ணுதுன்னு பாத்து வாங்குங்க.

எதை வச்சு எடை போடறது

முதல் விஷயம், நீங்க அசையறீங்களா நிக்கறீங்களா. ஸ்னோ ஷவல் பண்றப்போ உடம்பு சும்மா இருக்கறதைவிட பல மடங்கு சூடு உண்டாக்கும், மைனஸ் 10லயும் பத்து நிமிஷத்துல முதுகு நனையும். அந்த வேர்வைதான் வில்லன். வேலை நடக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, வேன்ல ஏறி அடுத்த டிரைவ்வேக்காக வெயிட் பண்றப்போதான் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும், அப்புறம் நடுக்கம் எடுக்கும், எவ்ளோ பெரிய ஜாக்கெட் போட்டிருந்தாலும். செக்யூரிட்டிக்கு இதுக்கு நேர் எதிர் பிரச்சினை, உடம்பு பெருசா சூடு உண்டாக்காது, அதனால இருக்கற கொஞ்சச் சூட்டையும் வெளில விடாம பிடிச்சு வைக்கணும்.

ரெண்டாவது ஈரம். கனடா குளிர்னு எல்லாரும் ஒரே மூட்டையா பேசறாங்க, ஆனா வின்னிபெக் வேற, டொரோண்டோ வேற. வின்னிபெக்ல ஜனவரி ராத்திரி சராசரியே மைனஸ் 20க்குக் கீழ போகும், ஆனா காஞ்ச குளிர், ஸ்னோ மாவு மாதிரி இருக்கும், தட்டினா உதிர்ந்துடும். டொரோண்டோ ஒண்டாரியோ ஏரிக்கரைல இருக்கறதால ஜனவரில பகல்ல ஜீரோவைச் சுத்தி, ராத்திரி மைனஸ் 7, 8ன்னு ஊசலாடும். காலைல ஸ்னோ, மத்தியானம் மழை, சாயங்காலம் அதுவே ஐஸ். 2013 டிசம்பர்ல கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்த ஐஸ் ஸ்டார்ம்ல லட்சக்கணக்கான வீட்ல கரண்ட் போச்சே, அதுவும் இந்த ஜீரோவை ஒட்டின ஈரக் குளிரோட வேலைதான். அதனால எட்மன்டன்ல இருக்கற மச்சான் "சூப்பர் ஜாக்கெட்டுடா"ன்னு சொல்றது உங்களுக்கு ஒத்துவரணும்னு அவசியமே இல்ல.

மூணாவது காத்து. மைனஸ் 10ல மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. இ-பைக் ஓட்டறவங்க இதைக் கவனிக்கணும், வெளில இலை அசையலன்னாலும் நீங்க 30ல போனா அந்தக் காத்தை நீங்களே உண்டாக்கிக்கறீங்க. விண்ட் சில் (காத்தையும் சேத்து தோலுக்குத் தெரியற குளிர்) மைனஸ் 28க்குக் கீழ போனா மூடாத தோல் 10ல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைஞ்சு போகலாம், மைனஸ் 40ஐத் தாண்டினா 5ல இருந்து 10 நிமிஷம்தான்னு என்வைரன்மென்ட் கனடா சொல்லுது. சேஃப்டி போஸ்டர்ல எல்லாம் "தோல் சிவந்தா உஷார்"னு போட்டிருப்பாங்க, நம்ம மாநிறத்துலயும் கறுப்புலயும் அந்தச் சிவப்பு சரியா தெரியாது. மரத்துப்போச்சா, தொட்டா மெழுகு மாதிரி கெட்டியா இருக்கா, சுத்தி இருக்கற இடத்தைவிட வெளிறி சாம்பல் பூத்திருக்கா, இதைத்தான் பாக்கணும். அப்படி ஆச்சுன்னா தேய்க்கவே கூடாது, உள்ள போய் மெதுவா சூடு பண்ணணும்.

மத்ததெல்லாம் சின்னது: உள்ள வெளில எவ்ளோ தடவ போறீங்க (பஸ், மால், ரெஸ்டாரன்ட் எல்லாம் ஹீட்டிங்ல வெந்துட்டு இருக்கும்), அடி தாங்குமா, வீட்லயே துவைக்க முடியுமா, அப்புறம் மொத்தச் செலவு. டேக்ல இருக்கற விலையோட 13 சதவீதம் எச்எஸ்டி (விற்பனை வரி) சேரும்னு மறந்துடாதீங்க, புதுசா வந்தவங்க எல்லாரும் பில்லிங் கவுன்ட்டர்ல ஒரு தடவ முழிப்பாங்க.

| விஷயம் | டவுன் பார்க்கா | ஒர்க் ஜாக்கெட் | லேயர் செட் |
|---|---|---|---|
| நின்னுட்டே வேலை | முதல் இடம் | ஓகே, உள்ள ஃப்ளீஸ் (மெத்துன்னு இருக்கற சிந்தெடிக் ஸ்வெட்டர்) வேணும் | பத்தாது, இன்னொரு லேயர் வேணும் |
| ஓடியாடி வேலை | வேர்த்துக் கொட்டும் | சுமார் | முதல் இடம் |
| ஈர ஸ்னோ, மழை | மோசம் | பரவால்ல | ஷெல் (மேல போடற வெளி ஜாக்கெட்) நல்லதா இருந்தா நல்லது |
| கிழிசல், உரசல் | தாங்காது | நல்லா தாங்கும் | ஷெல்லைப் பொறுத்து |
| துவைக்கறது | தலைவலி | சுலபம் | சுலபம், ஆனா அடிக்கடி |

பெரிய டவுன் பார்க்கா

வாத்து இல்லன்னா கூஸ் பறவையோட அடி இறகு உள்ள இருக்கும். எடைக்கு எடை பாத்தா இதைவிடச் சூடு தர்ற சாமான் மார்க்கெட்ல கஷ்டம். டேக்ல 550, 650, 800னு ஃபில் பவர் நம்பர் போட்டிருப்பாங்க, ஒரு அவுன்ஸ் டவுன் எவ்ளோ க்யூபிக் இன்ச் இடத்துக்கு உப்பும்னு சொல்றதுதான் அது. 800ன்னா அதிகச் சூடுன்னு கடைக்காரர் சொல்லுவாரு, பாதி உண்மைதான். அதே சூட்டுக்குக் குறைஞ்ச எடை, அவ்ளோதான். உள்ள எவ்ளோ டவுன் அடைச்சிருக்காங்கங்கறதுதான் மெயின், அதை டேக்ல பெருசா போட மாட்டாங்க, கையால அமுக்கிப் பாத்து எவ்ளோ வேகமா உப்பி வருதுன்னு பாருங்க. முதுகு மூடற நீளம், காத்து புகாத கஃப், முகத்தைச் சுத்தி வர்ற ஹூட், கீழ இருந்தும் திறக்கற டூ-வே ஜிப் (உக்காரும்போது இதோட அருமை தெரியும்), இதெல்லாம் இருந்தா 600 ஃபில்லே டொரோண்டோக்குத் தாராளம்.

பிரச்சினை எங்கன்னா நனைஞ்சா முடிஞ்சது. டவுனோட சூடே அது பிடிச்சு வைக்கற காத்துலதான் இருக்கு, ஈரமாயிட்டா கட்டி கட்டியா ஒட்டிக்கும், காத்துக்கு இடமிருக்காது. வெளித்துணில தண்ணி ஒட்டாத கோட்டிங் இருக்கும்தான், லேசான ஸ்னோக்கு அது போதும், ரெண்டு மணி நேரம் ஃப்ரீசிங் ரெயின்ல (விழுந்த இடத்துல ஐஸாகற மழைல) நின்னா தையல் வழியா உள்ள இறங்கிடும். இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல: டெலிவரி பேக் மாட்டினா தோள்லயும் முதுகுலயும் டவுன் அமுங்கிப் போயிடும், அமுங்கின இடத்துல சூடு கிடையாது. அதாவது காசு கொடுத்து வாங்கின இறகுல பாதியை பேக்கே நசுக்கி வச்சிருக்கு.

மறைஞ்சிருக்கற செலவுன்னு பாத்தா துவைக்கறதுதான். டவுனுக்குன்னு தனி டிடர்ஜென்ட், நடுவுல தண்டு இல்லாத ஃப்ரன்ட் லோட் மெஷின், அப்புறம் ட்ரையர்ல லோ ஹீட்ல ரெண்டு மூணு டென்னிஸ் பந்து போட்டு கட்டி உடையற வரைக்கும் சுத்த விடணும், சில மணி நேரம் ஆகும். பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருந்துட்டு ஹவுஸ் ஓனர் மெஷினை வாரத்துல ஒரு நாள் யூஸ் பண்றவங்களுக்கு இது நடக்கற காரியமா, லாண்ட்ரோமேட்ல காசுதான் போகும். வேர்ஹவுஸ்ல பாக்ஸ் கட்டர் லேசா பட்டா கூட இறகு பறக்கும், ரிப்பேர் டேப் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. க்ரைண்டர், வெல்டிங் பக்கமெல்லாம் நைலான் துணி போட்டுட்டு போகவே கூடாது, ஒரு பொறி பட்டா உருகிடும். சைட்ல வேலைன்னா மேல மாட்ட பெரிய சைஸ் ஹைவிஸ் வெஸ்ட் (தூரத்துல இருந்தே பளிச்னு தெரியற மேல்சட்டை) தனியா வாங்கணும்.

கனடா கூஸ் பத்தி கேக்காதவங்க இல்ல. 1957ல டொரோண்டோல மெட்ரோ ஸ்போர்ட்ஸ்வேர்ங்கற பேர்ல சாம் டிக் ஆரம்பிச்ச சின்ன கம்பெனிதான் பின்னாடி அந்த பிராண்டா மாறுச்சு. பெரிய பார்க்காவெல்லாம் ஆயிரம் டாலருக்கு மேல. பொருள் நல்ல பொருள்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் காசுல பாதிக்கும் கீழ ஜாக்கெட், பூட்ஸ், கிளவ்ஸ் எல்லாம் வாங்கி மீதிக்கு ஒரு மாசம் பஸ் பாஸும் எடுத்துடலாம், வேலைக்குப் போட்டு அழுக்காக்கறதுக்கு அதை வாங்கறது எனக்கு மனசு வரல.

சிந்தெடிக் ஒர்க் ஜாக்கெட்

உள்ள பாலியெஸ்டர் நார், வெளில முரட்டுத் துணி. த்ரீஎம் கம்பெனியோட தின்சுலேட்ங்கற பேரை டேக்ல அடிக்கடி பாப்பீங்க, ப்ரைமாலாஃப்ட்னு இன்னொண்ணு. இந்த ப்ரைமாலாஃப்ட் 1980கள்ல அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கினது, நனைஞ்சா கைவிடற டவுனுக்குப் பதில் ஒண்ணு வேணும்னு. அதுதான் சிந்தெடிக்கோட மொத்த பலமும்: ஈரமானாலும் ஓரளவு சூடு தரும், சீக்கிரம் காயும், சாதா மெஷின்ல போடலாம். அதே சூட்டுக்கு டவுனைவிட எடையும் பருமனும் கூட, அதுதான் குறை.

மார்க்ஸ் கடைல, இல்ல கன்ஸ்ட்ரக்ஷன் சாமான் விக்கற கடைல சுமார் 150ல இருந்து 250 டாலருக்குள்ள நல்லதே கிடைக்கும், சேல் வர்றப்போ இன்னும் கீழ இறங்கும். ஹைவிஸ் பட்டையோடவே வர்ற மாடல் இருக்கு, சைட்டுக்குன்னா டேக்ல சிஎஸ்ஏ இசட்96ன்னு (கனடாவோட ஹைவிஸ் தரக் குறி) போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க, ஆரஞ்சு கலர்ல இருக்கறதெல்லாம் ஹைவிஸ் ஆகாது.

ஒரு எச்சரிக்கை. கார்ஹார்ட் மாதிரி டக் கேன்வாஸ்ல வர்ற ஜாக்கெட் எல்லா ஃபோர்மேனும் போட்டிருப்பாரு, நாமளும் அதையே வாங்கணும்னு தோணும். அது கெட்டி காட்டன். கிழியாது, காத்து தடுக்கும், பொறி பட்டாலும் நைலான் மாதிரி உருகாது, காஞ்ச குளிர்ல ராஜா. ஈர ஸ்னோல தண்ணி குடிச்சு கனமாகி, சாயங்காலம் பார்த்தா கைப்பக்கம் எல்லாம் உறைஞ்சு விறைப்பா நிக்கும், மறுநாள் காலைக்குள்ள காயாது. டொரோண்டோல ஷவல் வேலைக்கு நைலான் இல்ல பாலியெஸ்டர் வெளித்துணிதான் என் ஓட்டு.

ஆயுசும் ஒரு மறைமுகச் செலவு. நல்லா பாத்துக்கிட்டா டவுன் பத்து வருஷத்துக்கு மேலயும் உழைக்கும், சிந்தெடிக் நார் தினமும் அமுங்கி அமுங்கி சில வருஷத்துல தட்டையாயிடும். வெளில பாக்க புதுசு மாதிரியே இருக்கும், சூடு மட்டும் குறைஞ்சிருக்கும், "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி"ன்னு நாம குளிரைத் திட்டிட்டு இருப்போம்.

லேயர் செட்

உடம்பை ஒட்டி ஒரு பேஸ் லேயர், மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்தும் தண்ணியும் புகாத ஷெல். கேக்க சிம்பிள், வாங்கறப்போ தப்பு நடக்கறது பேஸ் லேயர்லதான். மெரினோ கம்பளி இல்ல பாலியெஸ்டர், இந்த ரெண்டுதான். யுனிக்லோ ஹீட்டெக் எல்லாரும் வாங்கறாங்க, ஆபீஸ் போறவங்களுக்கு அருமையான பொருள், ஆனா அதுல ரேயான் கலந்திருக்கு, அது ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும், கொட்டற மாதிரி வேர்க்கற வேலைக்கு சரிப்படாது. மெரினோ விலை கூட, ஆனா நாத்தம் வராது, ரெண்டு மூணு நாள் போடலாம். பாலியெஸ்டர் மலிவு, சாயங்காலம் ரூம்மேட் மூக்கைப் பொத்துவான்.

இதோட அழகே வேலைக்குத் தகுந்த மாதிரி கழட்டி மாட்டறதுதான். ஷவல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஃப்ளீஸைக் கழட்டி வேன்ல போட்டுடணும், வேர்த்ததுக்கு அப்புறம் கழட்டறது பிரயோஜனமில்ல. முதல் அஞ்சு நிமிஷம் லேசா குளிரணும், அப்பதான் சரியா போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். ஷெல் வாங்கும்போது அக்குள்ல ஜிப் இருக்கற மாடலா பாருங்க, நடுவுல காத்து விடறதுக்கு அதைவிட சுலபமான வழி இல்ல. ஃப்ளீஸுக்கு மேல போட்டு கையைத் தூக்கினா இடுப்பு தெரியாத சைஸ் எடுங்க.

செலவு? ஒவ்வொண்ணா பாத்தா கம்மியா தெரியும், டெகாத்லான்லயும் காஸ்ட்கோலயும் பேஸ் லேயரும் ஃப்ளீஸும் மலிவாவே கிடைக்கும். ஆனா பேஸ் லேயர் ஒரு ஜோடி பத்தாது, தினமும் வேர்க்கறவங்களுக்கு மூணு ஜோடியாவது வேணும், பேண்ட்டுக்குள்ள போடறதும் சேத்துதான். ஷெல்லுக்கு சுமார் 100, 150 டாலர். எல்லாம் கூட்டினா ஒர்க் ஜாக்கெட் விலையைத் தாண்டிடும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் போட்டுடாதீங்க, வேர்வையை வெளில கடத்தற தன்மையே போயிடும், வாசனை மட்டும் மிச்சம். லேயர்ல வராத வேலை ஒண்ணே ஒண்ணு, அசையாம நிக்கறது. மூணையும் போட்டுட்டு ராத்திரி பார்க்கிங் லாட்ல நின்னா ஒரு மணி நேரத்துல குளிர் உள்ள வந்துடும்.

பேட்டரி வச்ச ஹீட்டட் வெஸ்ட் பத்தியும் கேக்கறாங்க. ஹைல வச்சா சில மணி நேரம்தான், குளிர்ல லித்தியம் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும், அதனால ஜாக்கெட்டுக்கு உள்ளதான் போடணும். நிக்கற வேலைக்கு எக்ஸ்ட்ராவா வச்சுக்கலாம், அதையே நம்பி மெல்லிசு ஜாக்கெட்ல போகாதீங்க, சார்ஜ் தீந்தா வெறும் வெஸ்ட்தான்.

அப்போ யாருக்கு எது

செக்யூரிட்டி, பள்ளிக்கூடத்துப் பக்கம் ரோடு கிராஸ் பண்ணி விடறவங்க, ட்ராஃபிக்கை நிறுத்த பலகை பிடிக்கறவங்க: டவுன் பார்க்கா, மழை நாளைக்குன்னு மேல மாட்ட ஒரு லூசான ரெயின் ஜாக்கெட். பலகை பிடிக்கறவங்களுக்கு ஹைவிஸ் எல்லாத்துக்கும் மேல இருக்கணும்.

ஸ்னோ ரிமூவல்: லேயர், சந்தேகமே இல்ல. வேன்ல வெயிட் பண்றப்போ போட பழைய ஜாக்கெட் எதுவா இருந்தாலும் பரவால்ல. மாத்திக்க ஒரு காஞ்ச பேஸ் லேயர் பேக்ல இருந்தா, நடுராத்திரி ஷிஃப்ட்டோட ரெண்டாவது பாதி வேற மாதிரி இருக்கும்.

இ-பைக் டெலிவரிதான் நிஜமாவே கஷ்டமான கேஸ். பெடல் பெருசா மிதிக்கறதில்ல, அதனால உடம்பு சூடு கம்மி, காத்து முழுசா மூஞ்சில, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெஸ்டாரன்ட் சூட்டுக்குள்ள போகணும், முதுகுல பேக். குளிர் தாங்கலன்னா பைக்கோட சப்வே ஏறி வீட்டுக்குப் போயிடலாம்னும் கணக்குப் போட முடியாது, நவம்பர் 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் லித்தியம் பேட்டரி இ-பைக்கை டிடிசில (டொரோண்டோ பஸ், சப்வே நடத்தற அமைப்பு) ஏத்தக் கூடாது. நான் சொல்றது லேயர் செட்டே, ஆனா ஃப்ளீஸுக்குப் பதில் மெல்லிசு சிந்தெடிக் பஃபர் (நார் அடைச்ச உப்பலான ஜாக்கெட்), மேல காத்து துளிகூட புகாத ஷெல், காலுக்கும் விண்ட் பேண்ட். ஹேண்டில்பார்ல மாட்டற கை உறைன்னு ஒண்ணு இருக்கு, அசிங்கமா இருக்கும், வாங்குங்க.

வேர்ஹவுஸ் யார்டு, கன்ஸ்ட்ரக்ஷன்: ஒர்க் ஜாக்கெட், உள்ள ஃப்ளீஸ். தூக்கறது நிக்கறது மாறி மாறி வர்ற வேலைக்கு அதுதான் நடுவாந்திரம், அழுக்கானாலும் மனசு வலிக்காது. ஒண்டாரியோல ஃபேக்டரிக்கு உள்ள 18 டிகிரி குறையக் கூடாதுன்னு ரூல் இருக்கு, வெளி வேலைக்கு அப்படி ஒரு நம்பர் சட்டத்துல கிடையாது, தொழிலாளியைப் பாதுகாக்க நியாயமான எல்லா ஏற்பாடும் முதலாளி பண்ணணும்னு பொதுவாதான் இருக்கு. சஸ்காச்சுவான் மாகாணத்துல இருந்து வந்த ஒரு வார்ம்-அப் டேபிள் (எவ்ளோ குளிருக்கு எத்தனை ப்ரேக்னு சொல்ற அட்டவணை) கனடா பூரா புழங்குது, காத்தே இல்லன்னாலும் மைனஸ் 43ல அவசரமில்லாத வேலையை நிறுத்தணும்ங்கற அளவுக்கு அதுல படிப்படியா போட்டிருக்கும். சூப்பர்வைசர்கிட்ட ப்ரேக் கேக்கறப்போ அதைக் காட்டிக் கேளுங்க.

ஜாக்கெட்ல மிச்சம் பிடிச்சு பூட்ஸ்ல போடுங்க

பட்ஜெட் 300 டாலர்னா முழுசையும் ஜாக்கெட்டுக்குக் கொடுக்காதீங்க. குளிர்ல உடம்பு ரத்தத்தை நடுவுக்கு இழுத்துக்கும், முதல்ல அடிபடறது விரல்தான், அங்க ஜாக்கெட் ஒண்ணும் பண்ணாது. சைட்டுக்குன்னா பச்சை முக்கோணம் போட்ட சிஎஸ்ஏ பூட்ஸ் வேணும், அதுல விரலை மூடற முன்பக்கக் கவசம் இரும்பா இருக்கற ஸ்டீல் டோவுக்குப் பதில் இரும்பில்லாத காம்போசிட் டோ எடுங்க, இரும்பு காலோட சூட்டை சீக்கிரம் கடத்திடும். கெட்டி சாக்ஸ் போட்டும் விரலை ஆட்ட இடம் இருக்கணும், டைட்டா இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் சில்லிடும், அதனால ரெண்டு சாக்ஸ் திணிக்கறதும் வேலைக்காகாது.

வழுக்கறதுக்கும் ஒரு வழி இருக்கு. டொரோண்டோல கைட்னு ஒரு ஆராய்ச்சி நிலையம், நிஜ ஐஸ் மேல ஆளுங்களை நடக்க விட்டு பூட்ஸை டெஸ்ட் பண்ணி ஸ்னோஃப்ளேக் மார்க் போடறாங்க, ரேட் மை ட்ரெட்ஸ்னு தேடினா லிஸ்ட் வரும். 2016ல முதல் ரிசல்ட் வந்தப்போ பெரும்பாலான பூட்ஸ் ஒரு ஸ்னோஃப்ளேக் கூட வாங்கல, விலை அதிகமா இருந்ததும் சேத்துதான். கைக்கு கிளவ்ஸைவிட மிட்டன் சூடு, விரல் எல்லாம் ஒண்ணா இருக்கறதால. ஃபோனைத் தொடணும்னா உள்ள மெல்லிசு கிளவ்ஸ், மேல மிட்டன்.

எப்போ வாங்கறதுன்னா, முதல் ஸ்னோ விழுந்த வாரம் மட்டும் வேணாம், சைஸும் இருக்காது சேலும் இருக்காது. நவம்பர் கடைசி சேல், பாக்ஸிங் டே (கிறிஸ்துமஸுக்கு மறுநாள்) சேல், அப்புறம் பிப்ரவரி கடைசில கிளியரன்ஸ், அதுதான் இருக்கறதுலயே மலிவு, அடுத்த வருஷத்துக்கு அப்போவே எடுத்து வச்சுடலாம். முதல் வருஷம் ரொம்ப டைட்டுன்னா வேல்யூ வில்லேஜ்ல செகண்ட் ஹேண்ட் ஷெல்லும் பார்க்காவும் தாராளமா தேடலாம். ஜிப்பை மேல கீழ நாலஞ்சு தடவ ஓட்டிப் பாருங்க, பார்க்காவை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு இறகு ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கான்னு பாருங்க, மோந்தும் பாத்துடுங்க. பூட்ஸ் மட்டும் புதுசா வாங்குங்க.